தடுப்பூசி போடும் புதன்கிழமை, தாயின் மனதையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொங்கு மாவட்டங்களில் பிரசவ வார்டு, ஆரம்ப சுகாதார நிலையம், மனநலப் பிரிவு என்று வெவ்வேறு இடங்களில் வேலை செய்யும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கர்ப்ப காலத்திலும் பிள்ளை பெற்று ஓராண்டு வரையிலும் பெண்களுக்கு வரும் மனநோய்களை நேரத்தோடு கண்டுபிடிப்பது பற்றிய கடிதம் இது. கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கும் தாயிடம் அவள் மனநிலையையும் முறையாகக் கேட்டு, தாய் சேய் நல அட்டையில் குறிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் அதைச் சரியாகச் செய்வதில் நுணுக்கங்கள் பல இருக்கின்றன. அவற்றைச் சொல்லவே இவ்வளவு நீளம்.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கர்ப்பிணியின் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் மாதம் தவறாமல் பதிவாகின்றன. கர்ப்பத்தைப் பதிவு செய்யும் பிக்மி எண் இல்லாமல் ஒரு பிரசவமும் இல்லை. இத்தனை கட்டங்கள் உள்ள பதிவில் மனதுக்கென்று ஒரு கட்டம் வழக்கமாக நிரப்பப்படுவதில்லை. நோய் அரிதாக இருந்தால் விட்டுவிடலாம். வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து நடத்தி 2002-ல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு நோய் கண்டவர்கள் 11 சதவீதம். இந்தியா முழுவதும் நடந்த 38 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2017-ல் வெளியான கட்டுரையில் 22 சதவீதம். ஒரு புதன்கிழமை இருபது தாய்மார் வரிசையில் உட்கார்ந்திருந்தால், அவர்களில் இரண்டு முதல் நான்கு பேர் நோயோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பொருள். வேலூர் ஆய்வு காட்டிய காரணங்களும் நமக்குத் தெரியாதவை அல்ல: வருமானக் குறைவு, பையன் வேண்டுமென்று எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் சுமுகமில்லாதது, கைக்கு உதவி ஆள் இல்லாதது.

ஏன் புதன்கிழமை? நம் ஊர் வழக்கத்தில்தான் காரணம் இருக்கிறது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ சீர் செய்து பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள். பிரசவமாகி மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு கொண்டுவந்து விடுகிறார்கள். காங்கேயத்தில் கர்ப்பம் பதிவு செய்தவள் கோபியில் பிள்ளை பெற்று, தாராபுரத்தில் உள்ள சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, போய்ச் சேர்கிறாள். பிரசவத்துக்குப் பின் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தேசிய விதிமுறை. கர்ப்பத்தில் அவளை அறிந்த கிராம சுகாதார செவிலியர் அந்த நாட்களில் அவளைப் பார்ப்பதில்லை. பார்க்கும் செவிலியருக்கு அவள் புதிய முகம். முகம் பழகாதவரிடம் எந்தப் பெண்ணும் "மனசே இல்லீங்க" என்று சொல்லமாட்டாள். ஆனால் 6, 10, 14 வாரத் தடுப்பூசிக்கும் ஒன்பதாம் மாதத் தட்டம்மை, ரூபெல்லா ஊசிக்கும் அவள் எங்கிருந்தாலும் வந்துவிடுவாள். தனக்காக ஆஸ்பத்திரிக்கு வராதவளும் பிள்ளைக்காக வருவாள். அட்டையும் அவளோடு ஊர் மாறுகிறது. செவிலியரின் பதிவேடு மாறுவதில்லை. அதனால்தான் கேள்வியை ஊசியோடும், விடையை அட்டையோடும் சேர்க்கச் சொல்கிறோம்.

எப்போது கேட்பது என்பதிலேயே முதல் தவறு நடக்கிறது. பிரசவமான இரண்டாம், மூன்றாம் நாளில் வார்டிலேயே படிவத்தை நிரப்பி முடித்துவிடலாம் என்று தோன்றும். அது வீண். பிள்ளை பெற்றவர்களில் பாதிப் பேருக்கும் மேல் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் காரணமில்லாத அழுகையும் எரிச்சலும் வரும். இரண்டு வாரத்துக்குள் தானாகப் போய்விடும். அதற்குத் தேவை ஓய்வும் ஆறுதலும் மட்டுமே. அன்றைக்கு அளந்தால் நோயில்லாதவர்கள் பட்டியலில் சேர்வார்கள். நோய் வரப்போகிறவர்கள் தப்பிவிடுவார்கள். இரண்டு வாரம் தாண்டியும் போகாத சோர்வுதான் கணக்கு. 6-ஆம் வார ஊசி நாள் அதற்குப் பொருத்தம். 14-ஆம் வாரம் இன்னொரு முறை. புகுந்த வீட்டுக்குத் திரும்பிய முதல் மாதத்தில் ஒரு முறை கேட்பது மிக முக்கியம் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. அதுவரை பிள்ளையைக் குளிப்பாட்டவும் இரவில் தூக்கவும் அம்மாவும் அம்மிச்சியும் இருந்தார்கள். ஊருக்குத் தள்ளியிருக்கும் சாளையில், கணவர் விடியுமுன்னே வேலைக்குப் போய்விட, அவளும் பிள்ளையும் மட்டுமே மிஞ்சுகிறார்கள். தாய் வீட்டில் நன்றாக இருந்தவள் அங்கே போய்ச் சோர்ந்துவிடுவது உண்டு. கர்ப்ப காலத்திலும் ஒரு முறையாவது கேட்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வோடு வருகிறவர்களில் கணிசமானோருக்கு அது கர்ப்பத்திலேயே தொடங்கியிருக்கும்.

கேட்பதற்கு, மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ வினாப்பட்டியல் போதும். 1987-ல் பிரிட்டனில் உருவாக்கப்பட்டது, பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. ஐந்து நிமிடம் ஆகும். இதைச் சரிபார்த்த தமிழ் வடிவம் இருக்கிறது. வெளிநாட்டில் 13-ஐ எல்லையாக வைக்கிறார்கள். தமிழ்ப் பெண்களிடம் சரிபார்த்தபோது 9 முதலே கவனிக்க வேண்டும் என்று தெரிந்தது. 13 என்று வைத்தால் நம் பெண்களில் பலர் விடுபட்டுப் போவார்கள்.

கூட்டுவதில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. 1, 2, 4 ஆகிய மூன்று கேள்விகளுக்கு மட்டும் விடைகள் மேலிருந்து கீழாக 0, 1, 2, 3. மற்ற ஏழு கேள்விகளுக்கும் தலைகீழ்: மேலிருந்து 3, 2, 1, 0. அவசரத்தில் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கூட்டினால் நோயுள்ளவளுக்குக் குறைந்த எண்ணும் நன்றாக இருப்பவளுக்கு அதிக எண்ணும் வரும். படிவத்தை அச்சிடும்போதே ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் அதற்குரிய எண்ணைச் சிறியதாகப் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் வராது. 3, 4, 5 ஆகிய மூன்றும் பதற்றத்தைப் பற்றியவை. மொத்த எண் குறைவாக இருந்து இந்த மூன்றில் மட்டும் உயர்ந்திருந்தால் அதையும் தள்ளிவிடக் கூடாது.

இடம் இன்னொரு சிக்கல். மாமியாரோ அம்மாவோ பக்கத்தில் நின்றால் விடை எல்லாம் பூஜ்யமாகத்தான் வரும். "அத்தை, நீங்க பாப்பாவை எடை மெசின்ல வைங்க, நான் இவங்களுக்கு இரும்பு மாத்திரை எழுதித் தந்துடறேன்" என்று சொல்லிப் பிரித்துவிட முடியும். எடை பார்த்து, ஊசி போட்டு, அரை மணி நேரம் உட்கார வைக்கிறோமே, அந்த அரை மணி நேரம் இதற்குத் தாராளம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம் தாளைக் கொடுத்துத் தாங்களே குறிக்கச் சொல்வது நல்லது. வாயால் சொல்லக் கூசுவதைக் கை குறித்துவிடும். படிக்கத் தெரியாதவர்களுக்கு நான்கு விடைகளையும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும். "நல்லாத்தான இருக்கீங்க?" என்று விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டால் யாராக இருந்தாலும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

படிவம் எடுக்கவே முடியாத நெருக்கடி நாளில் ஒரே ஒரு கேள்வியையாவது கேளுங்கள்: "ஏன் கண்ணு, பாப்பா தூங்குன பொறகாவது உனக்குத் தூக்கம் வருதா?" பிள்ளை அழுவதால் தூக்கம் கெடுவது எல்லோருக்கும் உள்ளது. பிள்ளை அயர்ந்து தூங்கும்போதும் கண்ணை மூட முடியாமல் கிடக்கிறாள் என்றால் அது நோயின் அடையாளம். கிராமத்துப் பெண்கள் சோர்வைச் சோர்வென்று சொல்லி வருவதும் குறைவு. தலை கனம், உடம்பு எரிச்சல், நெஞ்சு படபடப்பு, பசியில்லை, பால் பத்தவில்லை என்றுதான் வருவார்கள். பிள்ளையின் எடை சரியாக ஏறிக்கொண்டிருக்கிறது. தாய் மட்டும் "பால் பத்தல, புள்ள எளைச்சுப் போச்சு" என்று ஒவ்வொரு வாரமும் அழுகிறாள் என்றால், பால் சுரக்க மாத்திரை எழுதுவதற்கு முன் மனதைக் கேட்க வேண்டும்.

எண் வந்த பிறகு என்ன? 9-க்குக் கீழே என்றால் அடுத்த ஊசி நாளில் மறுபடி. 9 முதல் 12 வரை என்றால் இரண்டு வாரத்தில் திரும்பக் கேட்க வேண்டும். அதற்குள் வீட்டாரிடம் பேசி இரவுத் தூக்கத்துக்கும் பகல் உதவிக்கும் வழி செய்ய வேண்டும். 13-ம் அதற்கு மேலும் என்றால் அந்த வாரமே மருத்துவர் பார்க்க வேண்டும். பத்தாவது கேள்வி, தன்னைத் தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அந்த ஒரு கேள்விக்குப் பூஜ்யம் தவிர வேறு எந்த விடை வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டாமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கேட்டால் இல்லாத எண்ணத்தைத் தூண்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதில்லை, பலருக்குப் பாரம் இறங்குகிறது. அன்று மாலைக்குள் வீட்டில் இருக்கும் தோட்டத்து மருந்து, எலி மருந்து, வாசல் தெளிக்கும் சாணிப் பவுடர் ஆகியவற்றை வீட்டை விட்டே வெளியேற்றச் சொல்ல வேண்டும். பரண் மேல் வைப்பது போதாது. இதைக் கணவரிடமோ அப்பாவிடமோ நேரடியாகச் சொல்லி, செய்தாயிற்றா என்று மறுநாள் போனில் கேட்க வேண்டும்.

அட்டையில் "மனநோய்" என்றோ "மன அழுத்தம்" என்றோ எழுதாதீர்கள். அந்த அட்டையை வீட்டில் எல்லோரும் படிப்பார்கள். தேதியும் எண்ணும் மட்டும் போதும். அடுத்த ஊரில் பார்க்கும் செவிலியருக்கு அது புரியும்.

மனதைப் பார்ப்பதற்கு முன்னும் பின்னும் உடம்பைப் பார்க்க வேண்டும். பிரசவத்தில் ரத்தம் அதிகம் போன பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 7, 8 என்று நின்றால் அவள் எழுந்து நடக்க முடியாமல் கிடப்பாள்; அதை மனச்சோர்வு என்று எழுதிவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் சிலருக்குத் தைராய்டு சுரப்பி அழற்சி வரும். முதலில் படபடப்பும் பிறகு மந்தமும் காட்டும். ஆகவே ஹீமோகுளோபினும் தைராய்டு பரிசோதனையும் கட்டாயம். இன்னொன்று, பத்தியம். செலவு ரசமும் பூண்டும் நல்லதுதான்; அவற்றோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு போடும் என்று நாளுக்கு ஒரு டம்ளர் இரண்டு டம்ளரோடு நிறுத்துவது ஆபத்து. பிரசவத்துக்குப் பின் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கும். நீர் வற்றினால் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்து, கடுமையான தலைவலி, வாந்தி, வலிப்பு, உளறல் என்று வரும். அதைக் காத்து கருப்பு என்று நினைத்து மந்திரிக்கப் போவதில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பு. பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் தீரும் வரை தண்ணீர் கொடுக்க வேண்டும்.

பிரசவ சன்னி என்று பெரியவர்கள் சொல்லும் கடும் மனநோயைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டு பேருக்கு வரும். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். சில சமயம் மூன்றாம் நாளிலேயே. புதன்கிழமை வரை காத்திருக்கும் நோய் இல்லை இது. தூக்கமே தேவைப்படாமல் போவதுதான் முதல் அறிகுறி. இரண்டு இரவு கண் மூடாமல், களைப்பும் இல்லாமல், ஓயாமல் பேசுகிறாள். அல்லது திகைத்து உட்கார்ந்திருக்கிறாள். யாரோ பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்கிறாள். குரல் கேட்கிறது என்கிறாள். காலையில் தெளிவாகவும் மாலையில் குழப்பமாகவும் மாறி மாறி இருப்பாள், அதனால் வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். இது அவசரம், 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவமனையில் காய்ச்சல், ரத்த அழுத்தம், சர்க்கரை, உப்புச்சத்து, தொற்று, வலிப்பு ஆகியவற்றை அதே நேரத்தில் பார்க்க வேண்டும். பிரசவித்து ஆறு வாரம் வரை ரத்தக் கொதிப்பால் வலிப்பு வரலாம் என்பதை மனநலப் பிரிவும், சன்னி கண்டவள் சில வாரங்களில் முழுதாகத் தேறக்கூடியவள் என்பதைப் பிரசவப் பிரிவும் மறக்கக் கூடாது. தேறும் வரை தாயையும் பிள்ளையையும் ஒரு நிமிடமும் தனியாக விடக் கூடாது. யாருக்கு வரும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லவும் முடியும். அளவுக்கு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ நோய் உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், முன் பிரசவத்தில் சன்னி கண்டவர்களில் ஏறத்தாழ இரண்டில் ஒருவருக்கும் வரும். முதல் பதிவின்போதே "முன்னால மனசு சம்பந்தமா மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா? உங்க அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ பிரசவத்துக்கு அப்பறம் அப்படி வந்துதுங்களா?" என்று கேட்டுவிட்டால், பிரசவத்துக்கு முன்பே மனநல மருத்துவரோடு பேசித் திட்டம் வைக்கலாம்.

இதற்கு நேர் எதிரான ஒரு நிலையைக் குழப்பிக்கொள்வது நடக்கிறது. அதனால் குடும்பங்கள் சிதறுகின்றன. "புள்ளயக் கிணத்துல போட்டுருவனோன்னு நெனப்பு வந்துக்கிட்டே இருக்குதுங்க" என்று ஒரு தாய் நடுங்கிக்கொண்டே சொல்கிறாள். கத்தியை ஒளித்துவைக்கிறாள், கிணற்றுப் பக்கம் போவதில்லை, பிள்ளையைக் குளிப்பாட்டப் பயந்து அம்மிச்சியிடம் கொடுத்துவிடுகிறாள். அந்த எண்ணம் அவளுக்கே அருவருப்பாக, தன் விருப்பத்துக்கு மாறாக வருகிறது. இது எண்ணச் சுழற்சி நோய். இப்படிப் பயப்படுகிறவள் பிள்ளைக்குத் தீங்கு செய்யும் வாய்ப்பு மிகக் குறைவு. அவளிடமிருந்து பிள்ளையைப் பிரித்தால் நோய் முற்றும். சன்னியில் அந்தப் பயம் இருக்காது. பிள்ளையைப் பற்றிய விபரீத நம்பிக்கை அவளுக்கு உண்மையாகவே தெரியும், அதில் உறுதியாக நிற்பாள். எண்ணம் வந்தபோது அவளுக்கு எப்படி இருந்தது, அதைத் தடுக்க என்ன செய்தாள் என்ற இரண்டு கேள்விகளில் பெரும்பாலும் வித்தியாசம் தெரிந்துவிடும். தெளிவாகத் தெரியவில்லை என்றால் சன்னியாகவே எடுத்துக்கொண்டு அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

மாத்திரை என்றாலே வீட்டார் கேட்பது "பால் குடுக்கலாமுங்களா?" என்பதுதான். மனச்சோர்வுக்கு முதலில் கொடுக்கும் செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கிறது. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடலாம். 25 அல்லது 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், இதை முதல் நாளே சொல்லாவிட்டால் பத்தாம் நாள் நிறுத்திவிடுவார்கள். தேறிய பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். எழுதுவதற்கு முன் மருத்துவர் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: முன்பு எப்போதாவது தூக்கமில்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடும் வேகத்தோடும் இருந்த நாட்கள் உண்டா? இருதுருவ நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் நோய் மறுபக்கம் பாயும். இரவுத் தூக்கத்துக்கான மாத்திரையை மட்டும் மாதக்கணக்கில் கொடுப்பது சிகிச்சை ஆகாது. அதைச் சாப்பிட்ட தாய் பிள்ளையைப் பக்கத்தில் அணைத்துப் படுக்கவும் கூடாது. வலிப்புக்கும் இருதுருவ நோய்க்கும் கொடுக்கும் வால்புரோயேட் மாத்திரையைப் பற்றி மகப்பேறு மருத்துவர்களும் குடும்ப மருத்துவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கருவில் அதற்கு ஆளான குழந்தைகளில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்குப் பிறவிக் குறையும், 30 முதல் 40 சதவீதம் பேருக்கு வளர்ச்சிக் குறைபாடும் வருகின்றன. பிள்ளை பெறும் வயதுள்ள பெண்ணுக்கு அதைத் தவிர்க்க வேண்டும். அதே சமயம், கருத்தரித்தது தெரிந்த அன்றே எல்லா மனநல மாத்திரைகளையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதும் தவறு. மாற்றுவதையும் குறைப்பதையும் மனநல மருத்துவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

மாத்திரை தேவைப்படாதவர்களே அதிகம். அவர்களுக்குப் பேச்சு போதும், அதை மனநல மருத்துவர்தான் பேச வேண்டும் என்றில்லை. பாகிஸ்தானின் கிராமங்களில் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போய் முறையாகப் பேசச் செய்தார்கள். 2008-ல் வெளியான முடிவின்படி, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனபோது அந்தத் தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கே நோய் நீடித்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 53 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைக் கையேடாக வெளியிட்டிருக்கிறது. கோவாவில் சாதாரணப் பெண்களைக் கொண்டே இதை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். நம்மிடம் கிராம சுகாதார செவிலியர்கள் இருக்கிறார்கள், மக்களைத் தேடி மருத்துவத்தின் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். வேலைப்பளு அவர்களுக்கு ஏற்கெனவே அதிகம் என்பதை நாங்கள் அறிவோம். இதைச் சேர்க்கும்போது வேறு பதிவேடு ஒன்றைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியதில் முதன்மையானது தூக்கம். இரவு 9 மணிக்குப் பால் கொடுத்ததும் தாயை வேறு அறையில் படுக்கவைத்து, 2 மணி வரை எழுப்பாமல் இருந்தால் ஐந்து மணி நேரம் தொடர்ந்து தூங்குவாள். இடையில் பிள்ளை அழுதால் எடுத்துவைத்த தாய்ப்பாலைச் சங்கில் புகட்டலாம். சாதாரண வெப்பத்தில் அது 4 மணி நேரம் தாங்கும், ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் கூடுதல். அந்த ஐந்து மணி நேரத்தைக் கணவர் ஏற்றுக்கொண்டால் மாமியார் வீட்டில் பாதிச் சிக்கல் தீரும்.

பிள்ளை இறந்து பிறந்த தாயை மறந்துவிடுகிறோம். தடுப்பூசி வரிசைக்கு அவள் வரப்போவதில்லை. எங்கள் யோசனையில் உள்ள பெரிய ஓட்டை இது. அவளுக்கு வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது ஒன்றே வழி. வார்டில் பிள்ளை அழும் சத்தத்துக்கு நடுவே அவளைப் படுக்கவைக்காமல் கடைசிக் கட்டிலையாவது தட்டியால் மறைத்துக் கொடுக்க வேண்டும். பிள்ளையைப் பார்க்க விரும்புகிறாளா என்று அவளிடமே கேட்க வேண்டும், உறவினர் முடிவு செய்யக் கூடாது. மூன்றாம் நாள் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும் என்பதை முன்பே சொல்லிவைக்க வேண்டும். பால் வற்றக் கொடுக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரை சிலருக்குச் சன்னியைத் தூண்டும். முன்பு மனநோய் இருந்தவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

திருப்பூர், பல்லடம், சோமனூர்ப் பக்கத்து பனியன் கம்பெனிகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் பெருந்துறை சிப்காட்டிலும் வேலை செய்யும் பெண்களுக்கு, முதல் இரண்டு பிரசவங்களுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு சட்டப்படி உண்டு. இஎஸ்ஐ-யில் பெற, முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாட்களுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். காண்ட்ராக்டர் வழியாகப் பீஸ் ரேட்டில் தைக்கும் பெண்ணுக்கு அந்த 70 நாள் கணக்கு ஏறியிருக்கிறதா என்பதைக் கர்ப்பம் தெரிந்தவுடனே பார்க்கச் சொல்லுங்கள். ஒன்பதாம் மாதம் பார்த்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒடிசா, பீகாரிலிருந்து வந்து இங்கேயே பிரசவிக்கும் பெண்களுக்கு அம்மாவும் பக்கத்தில் இல்லை, மொழியும் இல்லை. எடின்பரோ வினாப்பட்டியல் இந்தியிலும் கிடைக்கிறது. 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் பல இந்திய மொழிகளில் பேச ஆள் இருக்கிறார்கள். வீட்டில் அடி உதை என்றால் 181.

பிரசவ அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வலியில் கத்துகிறவளை அதட்டுவதும் தொடையில் தட்டுவதும், என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லாமல் பரிசோதிப்பதும் மாதக்கணக்கில் கெட்ட கனவாகத் தொடர்கின்றன. அடுத்த பிரசவத்தை நினைத்தாலே நடுங்குகிறார்கள். துணைக்கு ஒரு பெண் உடனிருக்க அனுமதி இருந்தும் கூட்டம் என்று வெளியே நிறுத்துவது நிற்க வேண்டும். அதே அறையில், ரத்தப்போக்கில் ஒரு தாயை இழந்த செவிலியர் மறுநாள் அதே மேசையில் அடுத்த பிரசவத்தைப் பார்க்கிறார். இறப்புத் தணிக்கையில் அவரிடம் விளக்கம் கேட்கிறோம். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்பதில்லை. அவருக்கு ஒரு நாள் விடுப்பும், பதவி பார்க்காமல் பேச ஒரு ஆளும் கொடுப்பதற்கு அரசாணை தேவையில்லை.

மேலே உள்ளவர்களிடம் கேட்பது மூன்று. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு ஒரு புதன்கிழமைக்கு ஒரு வட்டார ஆரம்ப சுகாதார நிலையம் என்று சுற்றில் வர வேண்டும். "மனநலப் பிரிவுக்குப் போங்க" என்று சீட்டு எழுதினால் போகாத குடும்பம், ஊசி போடும் அதே கட்டடத்தில் "டாக்டரம்மா ஒரு நிமிஷம் பார்க்கட்டும்" என்றால் மறுப்பதில்லை. அடுத்தது படுக்கை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்கிறது. பிரிக்க நேர்ந்தால் 15 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை, 30 நாளைத் தாண்டினால் மனநல ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் 2009 முதல் தாய்-சேய் மனநலப் பிரிவு இயங்குகிறது. கோவை, பெருந்துறை, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நான்கு நான்கு படுக்கைகள் இதற்கென ஒதுக்கினால் போதும்: தாயின் கட்டில், பிள்ளைக்குத் தொட்டில், துணைக்கு வருபவருக்கு இன்னொரு கட்டில், இரவிலும் இருக்கும் ஒரு செவிலியர், வாரம் இருமுறை வந்து பார்க்கும் குழந்தை மருத்துவர்.

மூன்றாவது, கணக்கு. கர்ப்பத்திலோ பிரசவித்து 42 நாட்களுக்குள்ளோ இறந்தால்தான் நம் கணக்கில் அது தாய் இறப்பு. பிரிட்டனில் ஆறு வாரத்துக்குப் பிறகு ஓராண்டு வரை நிகழும் தாய் இறப்புகளில் தற்கொலையே முதன்மைக் காரணமாக இருக்கிறது. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிறகும் நடக்கும் தற்கொலையை நேரடித் தாய் இறப்பாகவே எண்ண வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே சொல்லிவிட்டது. நம் ஊரில் திருமணமாகி ஏழாண்டுக்குள் ஒரு பெண் தற்கொலை செய்துகொண்டால் கோட்டாட்சியர் விசாரணை நடக்கிறது. வரதட்சணை கேட்டார்களா என்பது விசாரிக்கப்படுகிறது. அது விசாரிக்கப்படவும் வேண்டும். அந்த விசாரணைப் படிவத்தில் இன்னும் இரண்டு வரிகள் சேருங்கள்: கடைசிப் பிரசவம் நடந்த தேதி என்ன, அதற்குப் பிறகு அவளுடைய மனநிலையை யாராவது கேட்டு அட்டையில் எழுதியிருக்கிறார்களா? ஓராண்டுக்குள் என்றால் படிவத்தின் ஒரு நகல் மாவட்டத் தாய் இறப்பு ஆய்வுக் குழுவுக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
மகப்பேறு, சமூக சுகாதாரம், மனநலப் பணிகளில் உள்ள செவிலியர்களும் மருத்துவர்களும்,
கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்கள்.